மாமாங்கத்தார் சினை விற்பதில்லை

மாமாங்கத்தாருடைய பேஸ்மன்றில் ஒரு பேய் குடியிருக்கிறது, வாடகையும் கொடுப்பதில்லை. ஸ்காபரோவின் மில்லிக்கன் பக்கம் எங்கள் கடை இருக்கிற பிளாசாவுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். பெண் பேய். உஸ்பெகிஸ்தான்காரி. கனடாவுக்கு வருகிற வழியில் அந்த நாட்டில் மாட்டுப்பட்டுக் கிடந்த காலத்தில் இவர் அவளைக் கட்டினாராம். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்தாராம். அவள் ஊர்க் குளத்தில் விழுந்து செத்தாளாம், குளத்து மீன்கள் அவளைத் தின்றனவாம், அவள் விசாவும் இல்லாமல் ரிக்கற்றும் இல்லாமல் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாளாம். அதனால்தான் மனிதர் நாள் முழுக்க மீன் வெட்டிக்கொண்டு ஒரு துண்டு மீனும் வாயில் வைப்பதில்லையாம்.

இந்தக் கதையின் பிறந்த வீடு புனிதவதி அன்ரி. அவருக்கும் மாமாங்கத்தாருக்கும் ஒரு பாரை மீனால் வந்த பகை அது. அதே கடையில் மரக்கறிப் பக்கம் நிற்கிறவன் நான். கறிவேப்பிலைக்கும் மீனுக்கும் நடுவே ஒரு கண்ணாடிதான். ஆகவே உண்மையில் நடந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான் இருக்கிறார், அவர் வாய் திறக்கமாட்டார். நான் சொல்கிறேன்.

அன்ரி அன்றைக்கு நல்ல கனமான பாரை ஒன்று எடுத்தார். வயிற்றைக் கீறியதும் உள்ளே இரண்டு பக்கமும் மஞ்சள் முட்டைக் கொத்து. நாங்கள் சினை என்று சொல்வது. எங்கள் ஆட்களுக்கு மீனைவிட அதில்தான் கண்.

“தம்பி, சினையைத் தனியா ஒரு பையில போடும்.”

“சினை இல்லை அன்ரி.”

“இல்லையோ? அப்ப உம்மடை கையில உதென்ன?”

மாமாங்கத்தார் கையில் இருந்ததைக் கழிவு வாளிக்குள் போட்டு அதன்மேல் நிலம் கழுவுகிற நீல மருந்தை ஊற்றினார். ஒருவரும் பிறகு கிண்டி எடுக்க முடியாதபடி எப்போதும் அப்படித்தான் செய்வார்.

“ஐயோ! நான் வாங்கினது முழு மீன். என்ரை மீன்ரை வயித்தில கிடந்ததை எறியிறதுக்கு உவன் ஆர்?” என்று அன்ரி கத்தியது பார்க்கிங் வரைக்கும் கேட்டது.

முதலாளி ஓடி வந்து இறால் ஒரு பை இனாமாகக் கொடுத்துச் சமாளித்தார். மாமாங்கத்தாரை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடலாம் என்று அவர் பலமுறை யோசித்தவர்தான். ஆனால் காலையில் எல்லாருக்கும் முன்னே வந்து ஐஸ் கொட்டுகிற இன்னொருவரை எங்கே பிடிப்பது? அன்ரி இறாலையும் வாங்கிக்கொண்டார், கோபத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். அடுத்த கிழமை ஒஷாவாவில் செத்தவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் அந்தக் கோபம் உஸ்பெக் பெண்ணாக மாறிவிட்டது. ஸ்காபரோவில் ஒரு கதை பிறந்தால் ஒஷாவா போய்ச் சேர்வதற்குள் அதற்குப் பேரப்பிள்ளையே பிறந்துவிடும்.

உஸ்பெகிஸ்தான் மட்டும் பொய்யில்லை. அது எனக்கு முன்பே தெரியும், ஏனென்றால் தேநீர்க் கிண்ணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாமாங்கத்தார் மட்டக்களப்பில் அமிர்தகழிக்காரர். அங்குள்ள மாமாங்கேஸ்வரர் கோயிலின் பெயரைத்தான் தாய் அவருக்கு வைத்தாள். கோயிலை ஒட்டித் தீர்த்தக் குளம், கொஞ்சம் தள்ளினால் வாவி. வாவி மீனை ஆசை தீரப் பிடித்துத் தின்னலாம். தீர்த்தக் குளத்து மீனில் கை வைக்க முடியாது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தை ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. கலியாணம் இல்லை. கதைப்பது குறைவு. ஒருநாள் பனி கொட்டி பஸ் ஓடாமல் போனபோது காரில் கொண்டுபோய் இறக்கினேன். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. சலம் முட்டுது, ரொய்லற் வேணும் என்று சொல்லி நானே போனேன். ஒரு மேசை, இரண்டு கதிரை. மேசையில் பிடியில்லாத நீலப் பூப்போட்ட சின்னக் கிண்ணங்கள் இரண்டு. பியாலா என்று பெயராம். வடக்கு யோங் வீதிப் பக்கம் ஓர் உஸ்பெக் கடையில் வாங்கினாராம். ஒன்றில் பச்சைத் தேநீர் ஊற்றித் தான் எடுத்தார். மற்றதில் பாதிக்குக் குறைவாக ஊற்றி எதிர்க் கதிரைக்கு முன்னால் வைத்தார். எனக்கென்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“அது உனக்கில்லை கா. நில், வேற கோப்பை தாறன்.”

எனக்குக் கிடைத்தது டொனற் கடைக் குவளையும் மட்டக்களப்பார் எவரையும் கூப்பிடுகிற அந்தக் ‘கா’வும்தான். குடித்து முடித்து எழும்பும்போது அந்த நீலக் கிண்ணத்தைப் பார்த்தேன். அடி தெரிந்தது. ஹீற்றர் சூட்டில் வற்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியேறினேன். காரில் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சரி. ஒஷாவாவுக்குப் போன கதைக்கு அங்கே ஒரு காது காத்திருந்தது. நாகேஸ்வரி. மட்டக்களப்புப் பெண்மணி, வயது அறுபதுக்குக் கிட்ட. அந்தியேட்டி வீட்டில் எல்லாரும் வடையைக் கடித்துக்கொண்டு பேய்க் கதை கேட்க, இந்தப் பெண்மணிக்கு மட்டும் கையில் இருந்த வடை அப்படியே நின்றுவிட்டதாம். அவருடைய தம்பி பிரதாபன் பத்தொன்பது வயதில், வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்றோடு புறப்பட்டவன். வழியில் எங்கிருந்தோ ஒரு ரெலிபோன் எடுத்தான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஏஜென்றைக் கேட்டால் பெடியன் ஜேர்மனிக்குள் போய்விட்டான், அங்கே எவளையோ கட்டி உங்களை மறந்துவிட்டான் என்று சொன்னான். தாய் அதை நம்பியே செத்தாள். அக்கா நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. செத்தவன் என்று தெரிந்தால் திவசம் கொடுக்கலாம். இருக்கிறான் என்று தெரிந்தால் ஏசலாம். இரண்டும் இல்லாமல் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் இருந்து பாருங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஈ ஓட்டுகிற நேரம், மகள் யதுஷா காரோட்ட அந்தம்மா வந்து இறங்கினார். யதுஷா இங்கே பிறந்தவள், தமிழும் ஆங்கிலமும் ஒரே வாயில் நெரிபடும். நாகேஸ்வரி நேரே மீன் கவுண்டருக்குப் போய் நின்றார்.

“தம்பி, நீங்க உஸ்பெகிஸ்தானில இரிந்தநீங்களாம்.”

“என்ன மீன் வேணும் அக்கா?”

“மீன் வேணாம். நீங்க இரிந்த ஊரில குளம் ஒண்டு இரிந்ததா? நிறைய மீன், ஆனா ஒருத்தரும் தின்னப்படாத குளம்? எங்கட தம்பி கடைசியாப் பேசக்குள்ள அதைத்தான் சொன்னான். அக்கா, இஞ்ச நம்மட மாமாங்கத்துத் தீர்த்தக் குளம் மாதிரி ஒண்டு கிடக்கு எண்டு.”

மாமாங்கத்தார் தண்ணீர்ப் பைப்பை மூடினார். மீன் பகுதியில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் நின்று நான் கேட்டதே இல்லை.

“பிரதாபன்ட அக்காவா நீங்க?” என்றார்.

நாகேஸ்வரி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். “இரிக்கிறானா?”

“இல்லை அக்கா.”

யதுஷா தாயைத் தாங்கினாள். நான் வெங்காயப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து இருக்கக் கொடுத்தேன். அந்தம்மா இருக்கவில்லை. அழவுமில்லை. “எங்க கிடக்கிறான்? அந்த இடத்தை எனக்குக் காட்டுங்க” என்றார்.

யதுஷா ரெலிபோனில் தேடத் தொடங்கினாள். “ஊரின்ட நேம் என்ன அங்கிள்?”

“நுராத்தா.”

“ஓகே, காட் இற். சற்றலைற் வியூ பாருங்கோ. மாமாவ எந்த ஏரியாவில…”

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் அதை மேல இரிந்து பாக்கயில்லையே புள்ள” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு கையுறையைக் கழற்றினார். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருந்த விளைமீன்களை ஓரமாகத் தள்ளினார். வெறும் கையால் ஐஸைக் கூட்ட ஆரம்பித்தார்.

பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடம் வந்தால் மதில் பாய்கிறவன் நான். எனக்கு விளங்கிய ஒரே ஊர்ப்படம் அதுதான்.

தன் பக்கமாக ஒரு நீள மேடு எழுப்பினார். “இது தெக்கு. மலை. மரம் மட்டை ஒண்டும் இல்லை, ஒட்டகத்திர முதுகு மாதிரி மொட்டையாக் கிடக்கும்.” நாகேஸ்வரி நின்ற பக்கத்தை உள்ளங்கையால் தடவித் தட்டையாக்கினார். “இது வடக்கு. கிசில்கும் எண்டு சொல்லுற மணல். முடிவில்லை. காத்து அங்க இரிந்து வந்தா ரொட்டி தின்னக்குள்ள பல்லுக்குள்ள நறநறக்கும்.” இரண்டுக்கும் நடுவே பெருவிரலால் ஒரு குழி அமத்தினார். “மலை முடியிற இடம், மணல் தொடங்கிற இடம். இதிலதான் ஊத்து. இந்த ஊத்து இல்லாட்டி அங்க ஊரே இல்லை. கண்ணாடித் தண்ணி. பனிக்காலத்திலயும் உறையாது. பக்கத்தில பள்ளிவாசல். மீன் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி நிக்கும், சனம் ரொட்டி பிச்சுப் போடும், ஒருத்தரும் தொடமாட்டாங்க.”

குழிக்கு மேலே மலைப் பக்கமாகச் சின்னதாக ஒரு குவியல் வைத்தார். அலெக்சாந்தர் கட்டினதாகச் சனம் சொல்லுகிற மண்கோட்டையாம். கரைந்து கரைந்து சொத்தைப் பல்லாக நிற்கிறதாம். கடைசியாக, குழியில் இருந்து மணல் பக்கமாக விரலால் ஒரு கோடு கீறினார். கையின் சூட்டில் உருகின தண்ணீர் அந்தக் கோட்டில் ஓடத் தொடங்கியது.

“இது வாய்க்கால். மிச்சத் தண்ணி தோட்டங்களுக்குப் போற வழி,” என்றார். அதற்குப் பிறகு விரல் எழும்பவில்லை.

அவர் சொன்னது இதுதான். ஆறு தமிழ்ப் பெடியங்களை ஏஜென்ற் அந்த ஊரில் ஒலிம் என்பவரின் மண் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அவர்கள் பாஷையில் மூத்த ஆணை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட வேண்டுமாம். தாடி வைத்த மனிதரை ஒலிம் அக்கா, ஒலிம் அக்கா என்று கூப்பிட்டுப் பெடியங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்த ஊரில் சிரித்தது அதற்கு மட்டும்தான். பனி முடிகிற காலம். ரொட்டி, ஆட்டுக் கொழுப்பு, பச்சைத் தேநீர். பிரதாபனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆட்டுக் கொழுப்பின் மணத்துக்கே சத்தி எடுத்தான். நாளுக்கு நாள் கரைந்தான்.

“மீன் குழம்பு ஒரு வாய் எண்டு கேட்டுக்கொண்டே கிடந்தான் அக்கா. என்ட ஜக்கெற்றுக்குள்ள கொஞ்சம் மிளகாய்த்தூள் இரிந்தது. ஊத்து மீனைத் தொடப்படாது எண்டு ஒலிம் அக்கா முதல் நாளே சொன்னவர். ஏன் எண்டு நாங்க கேக்கயில்லை. சாமி மீன் எண்டா நமக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றார் நாகேஸ்வரி.

“மறுகா, நான்தான் ஒரு நியாயம் பிடிச்சன். மதிலுக்கு உள்ள இரிந்தாத்தானே கோயில் மீன். வாய்க்காலால வெளியில வந்திட்டா அது சும்மா மீன். வாவி மீன் மாதிரி. இந்த இடம்.” ஐஸில் கோட்டின் நடுவைத் தொட்டார். “சாரத்தை விரிச்சுப் பிடிச்சன். ஒண்டு நல்ல பெரிசு. கீறினா வயிறு நிறையச் சினை. உள்ளுக்குக் கறுப்பா ஒரு தோல்.” நிமிர்ந்து அந்தம்மாவைப் பார்த்தார். “நம்மட வீட்டில சினை ஆருக்கு அக்கா?”

“சுகமில்லாத புள்ளைக்கு,” என்றார் நாகேஸ்வரி. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. கை வாய்க்குப் போனது.

“முழுக்க அவனுக்குத்தான் குடுத்தன். நாங்க சதையைத் தின்டம். எங்களுக்கு ஒண்டும் செய்யயில்லை.”

மத்தியானம் சாப்பிட்டவன் பொழுது சாய முன்னமே சுருண்டுவிட்டான். தண்ணீர் தண்ணீர் என்றான். இவர் கேத்திலோடு ஊற்றுக்கும் வீட்டுக்கும் ஓடினார். கால் குளிருது என்றான். இவர் காலைப் பிடித்து மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். குளிர் காலில் இருந்து மேலே ஏறியது. ஒலிம் வந்து பார்த்து, குடல் கொட்டிய கிடங்குக்கு ஓடிப்போய்ப் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டாராம். அந்த இன மீனின் சினை நஞ்சு. அந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஊற்று மீனைத் தின்ன ஒருவன் நினைப்பான் என்பதே அவர்களுக்குத் தெரியாததால் அதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

“விறகும் இல்லை, பொலிசுக்கும் பயம். ஒலிம் அக்காதான் குளிப்பாட்டித் தங்கட சவக்காலையில புதைச்சார். கோட்டைக்குக் கீழ, மணலைப் பாத்த பக்கம். நான் ஊத்துத் தண்ணி ஒரு கேத்தில் ஊத்தினன். அடுத்த கிழமை எங்களை ஏத்திற்றானுகள். வீட்டாருக்குச் சொல்லுறன் எண்டு ஏஜென்ற் சொன்னான். விலாசம் தெரியாது எண்டு நானும் எனக்குச் சொல்லிக்கொண்டு இரிந்திட்டன். தேடியிருந்தாக் கிடைச்சிருக்கும். தேடயில்லை.”

அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து இறால் கேட்டார். மீன் பகுதி பூட்டு என்று நான் துரத்தினேன்.

நாகேஸ்வரி ஏசுவார், அடிப்பார் என்று நான் ஓர் அடி பின்னால் நின்றேன். அவர் கேட்டது வேறு.

“குழம்பு எப்பிடி இரிந்தது?”

மாமாங்கத்தார் நிமிர்ந்தார். “உப்புக் கூடிப்போச்சு அக்கா.”

“தின்டானா?”

“உப்புக் கூட எண்டு என்னைப் பேசினான். பேசிற்றுக் கோப்பையை வழிச்சு நக்கினான்.”

அந்தம்மாவுக்கு ஒரு சிரிப்பு வந்தது. “வீட்டிலயும் இதுதான். அம்மாட கறியைப் பேசிப் பேசியே சட்டியைக் காலியாக்குவான்,” என்றார். அதோடு அழுகை வந்துவிட்டது. யதுஷா பிடித்தாள். மாமாங்கத்தார் இந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தார், எடுக்கவே இல்லை. அழுது ஓய்ந்த பிறகு நாகேஸ்வரி கைப்பையில் இருந்து திருநீறு மடித்த காகிதச் சரையை எடுத்தார். கோட்டைக்குக் கீழே எந்த இடம் என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் ஒரு சிட்டிகை வைத்தார். மலையும் மணலும் ஊற்றும் உருகிப் பைப்புக்குள் இறங்கும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு எல்லாரும் மாமாங்கத்தாரின் பேஸ்மன்றுக்குப் போனோம். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. காரில் ஓர் இடம் சும்மா இருந்தது, அதுதான்.

வழக்கம்போல இரண்டு கிண்ணம் வைத்தார். எங்களுக்கு டொனற் கடைக் குவளைகள். எதிர்க் கதிரைக்கு முன்னால் பாதிக்குக் குறைவாக ஊற்றினார்.

“அதேன் பாதி?” என்று நாகேஸ்வரி கேட்டார்.

“அங்கத்தைய முறை அக்கா. பாதி ஊத்தினா, இரு, ஆறுதலாக் குடி, இன்னும் ஊத்துறன் எண்டு கருத்து. முட்ட ஊத்தினா, குடிச்சிற்று எழும்பிப் போ எண்டு கருத்து.”

கதிரையில் இருந்த யதுஷாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. “வெயிற். இது ஆருக்கு அங்கிள்? லைக்… மாமா இஸ் ஹியர்? இப்பவோ?”

“ஓம் புள்ள. நீ இரிக்கிற கதிரை அவன்ட.”

அவள் எழும்பிய வேகத்துக்குக் கதிரை விழுந்தது. நாகேஸ்வரி அதை நிமிர்த்தி, தூசு தட்டி, மேசைக்குக் கிட்ட வைத்தார்.

“வீட்டுக்குச் சொல்லுமட்டும் இவன் போகக்கூடாது எண்டு பாதி பாதியா ஊத்தி வெச்சிருந்தன்,” என்று மாமாங்கத்தார் கேத்திலைத் தூக்கினார். “இப்ப நீங்க சொன்னா முட்ட ஊத்துறன்.”

இருபத்தைந்து வருசத்துக்கு மேல் கூட இருந்தவனை அனுப்பிவிட்டு அந்த மேசையில் இவர் யாரோடு தேத்தண்ணி குடிக்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்தம்மாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“வேணாம் தம்பி. அனுப்புறதுக்கா இவ்வளவு காலம் தேடினன்? பாதியே ஊத்துங்க. நான் மாதத்தில ஒருக்கா வந்து பாக்கிறன்.”

அப்படியே வருகிறார். வரும்போது சோறு கறி கொண்டுவருகிறார். மீன் இல்லை.

புனிதவதி அன்ரிக்கு இதெல்லாம் ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. நான் கொஞ்சம்தான் சொன்னேன். அன்ரி கடைக்கு வந்து, ஐயர் ஒருவர் இருக்கிறார், வாவிக்கரையில் வைத்துக் கழிப்புக் கழித்தால் அந்த உஸ்பெக் பெட்டை மூன்றே நாளில் ஓடிவிடுவாள் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். வாவி என்று அவர் சொன்னது ஒன்ராறியோ ஏரியை. பெட்டை என்பதை மட்டும் அன்ரி விடுவதாயில்லை.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன திங்கட்கிழமை கடைக்குச் சரக்கு வராத நாள். ஐஸ் எல்லாம் வழித்து, பைப்பும் பூட்டி, மீன் பகுதி நிலம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. மாமாங்கத்தார் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைச் சுற்றி உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“மாமாங்கண்ணை, உங்களைப் பற்றி எழுதப் போறன். சனம் பேய் எண்டுது, உஸ்பெக் மனுசி எண்டுது. நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் அதையும் போட்டுவிடுவன்.”

கத்தி கல்லில் ஒரு தரம் போய் வந்தது.

“மனுசியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. மட்டக்களப்புப் பெடியன். சினையைக் குடுத்து நான் சாக்காட்டின பெடியன். எழுதிறதெண்டா அப்பிடியே எழுது.” பிறகுதான் என் காலடியைப் பார்த்தார். “இப்ப கொஞ்சம் தள்ளி நில் கா. அவன்ட காலை மிதிச்சுக்கொண்டு நிக்கிறாய்.”